கோல் அடித்தவர் பெயர்

சின்சினிம் திபூர்சியோ கொலாசோவைப் பற்றி
சால்செத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.
என்னிடம் இருப்பது ஒரு கொடியும்
அதை நான் உயர்த்தாத ஒரு நொடியும்.

முதலில் கணக்கு.
சுரங்கக் கம்பெனி அணியில் பதினோரு ஆண்டு, வலது பேக்.
காலையில் மாண்டவி ஆற்றில் தாதுப் படகுகளை எண்ணும் வேலை,
மாலையில் செம்மண் தரையில் உதை.
அடித்த கோல்: சுழியம்.
நடுக்கோட்டைத் தாண்டினால்
யாரோ பாஸ்போர்ட் கேட்பார்கள் என்பதுபோல
தன் பாதியிலேயே குடியிருந்தார்.

பம்பாயில், ஒரு மழை ஆட்டத்தில்
அடுத்த வீட்டுக் கதவை யாரோ அறைந்து சாத்தியதுபோல்
இடது முழங்காலுக்குள் ஒரு சத்தம்.
வயது இருபத்தொன்பது.
ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வந்த எர்மெலிந்தா
கேட்டது ஒரே கேள்வி: ஜெயிச்சீங்களா?
டிரா.

பிறகு கோச். பன்னிரண்டு ஆண்டு, நான்கு கிளப்.
காலைப் பார்க்காதே, கால் பொய் சொல்லும்,
இடுப்பைப் பார், அதற்கு நடிக்கத் தெரியாது
என்பது மட்டும்தான் அவருடைய பாடப்புத்தகம்.
பையன்கள் இடுப்பைப் பார்த்தார்கள்,
தலைவர் புள்ளிப்பட்டியலைப் பார்த்தார்.
நான்காவது கிளப் அவரை அனுப்பிய நாளில்
பின்னாலேயே ஒரு பையன் சைக்கிளில் ஓடிவந்தான்:
சார், விசில். கிளப் சொத்தாம்.

கழற்றிக் கொடுத்தார்.
மட்காவ் கடைத்தெருவில் இறங்கி
சொந்தக் காசில் ஒன்று வாங்கினார்.
வாங்கிய விசிலை என்ன செய்வது?
நாற்பத்தொன்றில் ரெஃபரி பரீட்சை எழுதினார்.

நான் தபால் பிரிப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் லைன்ஸ்மேன்.
ஒன்பது பருவம் அவருக்குக் கொடி பிடித்தேன்.
அவர் ஓடும்போது இடது கால்
அரை நொடி தாமதமாக வரும்,
சம்பளம் ஏறாத குமாஸ்தா போல.

அன்று ஜூன் மழை. கடைசி நிமிடங்கள். கார்னர்.
பந்து வளைந்தது, விழுந்தது, பத்துப் பேர் சேற்றில் புரண்டார்கள்.
பத்தொன்பது வயது பேக் ஒருவன்
வீட்டை விட்டுத் துரத்துவதுபோல் ஓங்கி உதைத்தான்.
எதிரே நின்றது ரெஃபரி.
இடது முழங்கால்.
பந்து வந்த வழியே திரும்பிப் போய்
வலைக்குள் உட்கார்ந்தது.

அன்றைய சட்டத்தில்
ரெஃபரி என்பவர் புல், காற்று, கம்பம் மாதிரி.
அவர்மேல் பட்டுப் போனாலும் கோல் கோல்தான்.
அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.
மூவாயிரம் குடைகளுக்குத் தெரியாது.

நொண்டியபடி என்னைப் பார்த்தார்.
கார்னர் வளையும்போதே கோட்டைத் தாண்டி வெளியே போனதா?
போனது என்று கொடி சொன்னால் போதும்,
மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சேருவார்.
நான் கோட்டைத் தேடினேன்.
சுண்ணாம்பை மழை எப்போதோ கொண்டுபோயிருந்தது.
இல்லாத கோட்டை எது தாண்டும்?
என் கை எழவில்லை.

அவர் விசிலை ஊதினார்.
நடுவட்டத்தைக் காட்டினார்.
முதல் செருப்பு என்மேல் விழுந்தது.

போலீஸ் வேனுக்குள், ஈரக் காகிதத்தில், அறிக்கை.
கோல் அடித்தவர் பெயர்.
அந்தப் பையனின் பெயரை எழுதி
சுய கோல் என்று போட்டிருக்கலாம். வழக்கம் அதுதான்.
பேனாவை உதறி உதறி எழுதினார்:
என் இடது முழங்கால்.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
முறைப்படி நிரப்பவில்லை என்று
சங்கம் மூன்று முறை திருப்பி அனுப்பியது.
மூன்று உறையையும் பிரித்தவன் நான்தான்.

அன்றிரவு என் ஸ்கூட்டரின் பின்னால்
நெடுநேரம் பேசாமல் வந்தார்.
நுவெம் தாண்டியதும் காதருகே கேட்டார்:
வலியில் கண்ணை மூடிட்டேன். எந்த மூலை?

சேற்றில் உருண்டு,
கோல்கீப்பரின் கைக்கடியில் நழுவி,
கோட்டருகே நின்றுவிடுமோ என்று யோசித்து
உள்ளே போனது அது.

இடது பக்கம், மேல் மூலை, என்றேன்.