ஏழாவது கேள்வி

கோடியாக் தீவில் ஜனவரி.
நாலரைக்கே இருட்டிவிட்டது.
கதவில் ‘மாணவர் ஆலோசகர்’ என்று எழுதியிருக்கிறது.
உள்ளே நான், ஒரு பிரிண்டர், அதன் இருமல்,
போன வருடத்துக் கல்லூரிக் கையேடுகள்.

ஜோவலின் பலுயோட் வந்து உட்கார்ந்தாள்.
சட்டையில் மீன் ஆலை வாடை;
அதற்காக நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள்.
என்னுடையதை நான் முன்னுக்கு.

உதவித்தொகைப் படிவம்.
பெயர், பிறந்த தேதி, அம்மாவின் வருமானம்
எல்லாம் மளமளவென்று நிரம்பின.
ஏழாவது கேள்வியில் பேனா நின்றது:
ஐந்து ஆண்டுகளில் உன்னை எங்கே காண்கிறாய்?

என்னிடம் பதில்கள் உண்டு.
நர்சிங். கடல் உயிரியல். டீசல் எஞ்சின்.
இதே மேசையில் எத்தனை பேருக்கு
அளவு பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்,
செருப்புக் கடைக்காரி மாதிரி.
இன்று வாய் வரவில்லை.

“காண்கிறதென்றால்,
ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரியா மிஸ்?”
“அப்படியே வைத்துக்கொள்.”

நிறுத்தி நிறுத்தி எழுதினாள்:
காற்று குறைவான தெரு.
மூலையில் பஸ் ஸ்டாப்.
படிப்பு எதுவென்று இன்னும் தெரியவில்லை.
ஞாயிறு அம்மாவுக்கு ஷிப்ட் கிடையாது;
அன்றைக்குப் போன் செய்வேன்.

முந்நூறு சொல் கேட்டிருந்தார்கள்.
எண்ணினேன், பதினேழு.

‘தெரியவில்லை’யை அடிக்கப் போனாள்.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
ஏன் என்று கேட்கவில்லை, நல்லவேளை;
எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

துறைமுகத்தில் சங்கு ஊதியது.
எழுந்து ஓடினாள்,
படிவத்தை விட்டுவிட்டு, என் பேனாவோடு.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.