மணல்மூலம்

ஸாதர் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டியபோது
பொக்லைனை நிறுத்திவிட்டு இறங்கினான் ஷிமே.
மண்ணோடு சேர்த்து ஒரு கிண்ணத்தின் விளிம்பைச்
சிகரெட் பெட்டிக்குள் வைத்து
அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டுப் போனான்.
பெட்டியில் இரண்டு சிகரெட் மிச்சம்.
அதையும் பதிவேட்டில் எழுதினார்கள்.

கட்டைவிரல் நகத்தளவு.
தண்ணீரின் நிறம் என்று சொல்ல முடியாது.
தண்ணீர் வற்றிய பிறகு
குவளையின் அடியில் நிற்குமே,
அந்த நிறம்.

ஸாக்ரெப் ஆய்வகத்தில் திஹானா
அதிலிருந்து ஒரு பொடிச் சில்லைப் பிசினில் பதித்துத் தேய்க்கிறாள்.
லேசர் தொட்ட இடத்தில்
தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு குழி.
குழியிலிருந்து எழும் புகையை
ஹீலியம் கையேந்தி வாங்கிப்போய்
சூரியனின் தோலைவிடச் சூடான தீக்குள் விடுகிறது.
அந்தப் பக்கம் எண்களாய் வருகிறது.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்று
நம்மிடம் ஒரு சொல் உண்டு.
அவளுக்கு அது தெரியாது.
அவள் பார்ப்பது மணல்மூலம்.

ஸ்ட்ரோன்சியம் முதலில் வாய் திறந்தது:
இதிலுள்ள சுண்ணாம்பு மலையில் வெட்டியதல்ல,
சிப்பி.
யாரும் அளந்து போடவில்லை,
அலை நொறுக்கியது மணலோடு சேர்ந்து
தானாகவே உலைக்குப் போயிருக்கிறது.

சிர்கான் கொஞ்சம் அழுத்தக்காரன்.
நைல்
எத்தியோப்பிய மலைகளைப் பொடிப்பொடியாய்க்
கடலுக்குக் கொண்டுவந்து கொட்டும்.
கடல் அதைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும்,
கிழக்கே, பிறகு வடக்கே.
கனத்த மணிகள் வழியிலேயே உட்கார்ந்துவிடும்.
ஆக்கா வரை போய்ச் சேர்வது இலேசான மணல்.
எகிப்துக் கண்ணாடிக்கும் ஆக்காக் கண்ணாடிக்கும்
பெரும்பாலும் இவ்வளவுதான் தகராறு:
ஒரே ஆறு,
நடந்த தூரம் வேறு.

ஆனால் இந்தச் சில்லில்
எகிப்துக்காரர்கள் நிறம் போக்கப் போட்ட ஆன்டிமனி இருக்கிறது.
ஆக்காக் கரையில் போட்ட மாங்கனீசும் இருக்கிறது.
இயந்திரத்துக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று
தரக் கண்ணாடியை வைத்துச் சோதித்தாள்.
இயந்திரம் தெளிவாகத்தான் இருந்தது.
மூன்றாம் குழி. நான்காம் குழி.
இரண்டும் இருக்கிறது.
கூடவே துளி ஈயம், துளி செம்பு,
எவர் வீட்டுப் பச்சைக் குப்பியோ தவறி விழுந்தது போல.

அப்படியானால் ஒருவன் பொறுக்கியிருக்கிறான்.
பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்பது போல
உடைந்த கண்ணாடிக்குக் கந்தகம் என்று
ரோமாபுரித் தெருக்களில் கூவியவர்கள் உண்டு.
இங்கே கூவியவன் என்ன கொடுத்தானோ.
விருந்தில் கைதவறிய கோப்பை,
கோபத்தில் எறிந்த கோப்பை,
இரண்டும் அவன் கூடையில் ஒரே எடை.

லோவ்ரே தொலைபேசியில் அவசரப்படுத்தினார்.
"எகிப்தா, ஆக்காவா?
அட்டையில் ஒரு வரிக்குத்தான் இடம்.
அலெக்சாண்டிரியாவிலிருந்து என்று
முந்நூறு சுவரொட்டி அடித்தாயிற்று."

"கிண்ணங்களிலிருந்து" என்றாள்.

"ஊர் கேட்டேன்."

"உடைந்த கிண்ணங்களிலிருந்து."

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றும் சத்தம்.
"சரி, மூலம் தெரியவில்லை என்று போடுகிறேன்."

மதியச் சாப்பாட்டை மறந்து
அரைமணி நேரம் சண்டை போட்டாள்.
தெரியாமல் இல்லை.
தெரிந்தது ஒரு வரிக்குள் நிற்கவில்லை.

இலவச வியாழக்கிழமை
ஷிமே வந்தான், வேலை உடையிலேயே.
எழுத்தைச் சிறிதாக்கி
மூன்று வரி அடைத்திருந்த அட்டையை
உதடசைத்துப் படித்தான்.
பேழையின் கண்ணாடி அவன் மூச்சில் மங்கியது.
சட்டைக் கையால் துடைத்தான்.
அந்தக் கண்ணாடிக்கு யாரும் ஊர் கேட்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று
தன் இரண்டு சிகரெட்டைக் கேட்டான்.

கிடங்கில் இருக்கின்றன.
எண் போட்டாயிற்று,
இனித் தர முடியாது.