அரைப் பேர்

ஏழாம் நம்பர் மலையில்
அன்றைக்கு என் கணக்கு பத்தொன்பது கிலோ.
நிறுத்து எழுதிய துண்டு இருக்கிறது.
பறித்தது யாரென்று
இதுவரை எனக்குத் தெரியாது.

கைகள் என்னுடையவைதாம்.
கொழுந்துக் கறை, இடது பெருவிரலில் கவ்வாத்துக் கத்தி வெட்டு.
நான் மேலே சவுக்கு மரத்தடியில் நின்று
அவை போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மட்டக்கம்பு செடிமேல் விழும் சத்தம்
அடுத்த தோட்டத்து ரேடியோ போல் வந்தது.
பக்கத்து நிரையில் பவளராணி ஏதோ கேட்டாள்.
என் வாய் பதில் சொன்னது.
சரியான பதில் போலும்,
அவள் சிரித்தாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
டாக்டர் சிங்களத்தில் சொல்ல
நர்ஸ் தமிழில் தந்தாள்:
"மனசு பிரிஞ்சு போகுதாம்.
தாங்க ஏலாத நேரத்தில
அது கதவச் சாத்திக்குமாம். பைத்தியம் இல்லையாம்."
பிரிந்து எங்கே போனது?
பக்கத்தில்தான் நின்றது. அதைச் சொல்லவில்லை.

எப்போது தொடங்கியது?
மே மாதம்.
மே மாதத்தில் என்ன?
மழை.

அதற்குமேல் அந்த அறையில் நான் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே
ஆம்புலன்ஸ் கூரையில் காகம் இருந்தது,
அதற்கும் அந்தப் பக்கம் நான்.
உள்ளே நாற்காலியில் ஒருத்தி
லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியதை,
ஆறு காம்பராவில் நாலு நின்றதை,
வெளியே வந்துவிட்ட தம்பி
போன் சார்ஜரை எடுக்கத் திரும்பிப் போனதை
சந்தைச் சாமான் கணக்குப்போல
பிழையில்லாமல் சொன்னாள்.
அவள் அழவில்லை.
நர்ஸ்தான் எழுந்து போய் முகம் கழுவி வந்தாள்.

தோட்டத்தில் ஒரு வழக்கு:
பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப் பேர்.
அரைக் கூலி என்று யாரும் சொல்வதில்லை,
வந்தவளே பாதி என்பதுபோல.
எனக்கு அன்று முழுப் பேர் விழுந்திருக்கிறது.
கணக்கப்பிள்ளையிடம் போய்த் திருத்தச் சொல்லவா?
பறித்தவளுக்கு அரை,
பார்த்தவளுக்கு அரை?

வரும்போது நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்:
"கால் தரையில படுதா பாருங்க.
கண்ணுக்கு முன்னால உள்ளதில
அஞ்சு சாமான் பேர் சொல்லுங்க."

விடியலில், குளிர்ந்த சிமெந்தில் நின்று சொன்னேன்.
படங்கு.
தலைக்கயிறு.
ஆறிப்போன பிளேன்டீ.
கணுக்காலில் அட்டை,
எப்போது ஏறியதோ, ரத்தம் வடிந்தபிறகுதான் கண்டேன்.
ஐந்தாவது கிடைக்கவில்லை.
சுவரில் சார்ஜர் தொங்குகிற ஆணி இருந்தது,
அதைச் சொல்லவில்லை.

பெரட்டுக்களத்தில் கூப்பிட்டார்கள்,
"மங்களேஸ்வரி."
"இருக்கேன்" என்றது வாய்.
இந்தத் தடவை
கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.