குதிரையை யாரும் கேட்பதில்லை

நரின் நகர நீதிமன்றத்தில்
இரும்புக் கூண்டை அறுத்தெடுத்தது
நான் வந்த பத்தொன்பதாம் நாள்.
வெல்டிங்காரர் இரண்டு மணி நேரம் தாமதம்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
நீதிபதி சகின்பெக் கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே
பதிவேட்டில் எழுதினார்:
அரசுச் சொத்து. கம்பிகள் முப்பத்தாறு, கதவு ஒன்று,
பூட்டு உண்டு, சாவி இல்லை.

என் மொழியிலும் அதற்குக் கூண்டு என்றே பெயர்.
எங்களுடையது இடுப்பளவு மரச்சட்டம்,
கைவைத்துச் சாய்ந்துகொள்ளலாம்,
என்றாலும் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவோம் என்றுதான்
கோபத்தில் சொல்கிறோம்.
இதைக் குல்பார்ச்சினிடம் சொன்னேன்.
"சொல்லை அறுக்க எந்த வெல்டிங்காரரைக் கூப்பிடுவீர்கள்?" என்றாள்,
மொழிபெயர்க்க மட்டுமே சம்பளம் வாங்குகிறவள்.

பிற்பகல் பயிற்சி வகுப்பு.
பதினான்கு அரசு வழக்கறிஞர்கள், ஒரே ஹீட்டர்.
ஏழாவது ஸ்லைடு:
குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனைக் குறைப்பு,
இரு தரப்பும் கையெழுத்திடும் உடன்படிக்கை,
சுதந்திரமான, அறிந்து அளித்த சம்மதம்.
நான் மூன்று நிமிடம் பேசினேன்.
அவள் ஒரு மூச்சில் முடித்தாள்.
அறை சிரித்தது.

என்ன சொன்னாய்?

"சந்தையில் குதிரை விற்கிறவனும் வாங்குகிறவனும்
நீண்ட சட்டைக்கைக்குள் விரலை நெரித்து
ஊருக்குத் தெரியாமல் விலை பேசுவார்களே,
அது என்றேன்.
வேறு சொல் இருந்தால் கொடுங்கள்."

பின்வரிசையில் தெமிர்குல் எழுந்தார்.
இருபத்தாறு வருஷ சர்வீஸ்.
தான் நடத்திய வழக்கில் ஒருவர்கூட விடுதலையானதில்லை என்று
முதல் நாளே தேநீரோடு சொல்லியிருந்தார்,
பெருமையா புகாரா என்று எனக்குப் புரியவில்லை.
"சந்தையில் குதிரையை யாரும் கேட்பதில்லை," என்றார்.
"உங்கள் ஊரில் எத்தனை வழக்கு இப்படி முடிகிறது?"

பெரும்பாலும் எல்லாமே.

"அதில் குதிரைகள் எத்தனை?"

தண்டர் பே. பிப்ரவரி.
படகு மோட்டார் திருட்டு.
பையனுக்குப் பத்தொன்பது வயது,
ஜாமீனுக்கு ஆளில்லை, நாற்பது நாளாக உள்ளே.
கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை வெளியே போகலாமா
என்று மட்டும் கேட்டான்.
நாய்க்குச் சோறு வைக்க ஒருவருமில்லையாம்.
போகலாம் என்றேன்.
போட்டான்.
மே மாதம் ஏரி உருகிய பிறகு
அந்த மோட்டார் உரிமையாளரின் மைத்துனன் கொட்டகையில்
தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.
காவலர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார்.
நன்றி என்றேன்.
கோப்பு ஏற்கெனவே மூடியிருந்தது.
நான் அதைத் திறக்கவில்லை.

இதை அந்த அறையில் சொல்லவில்லை.
"நல்ல கேள்வி" என்றேன்.
குல்பார்ச்சின் என்னைப் பார்த்தாள்,
அந்த இரண்டு சொற்களை மொழிபெயர்க்கவில்லை.
எட்டாவது ஸ்லைடுக்குப் போனேன்.

மறுநாள் கூண்டில்லாத முதல் விசாரணை.
நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பப் புகைப்படக்காரர்கூட வந்திருந்தார்.
ஜோல்டோஷ், இரண்டு செம்மறிகள் திருடியதாக வழக்கு.
வக்கீலுக்குப் பக்கத்தில் புது நாற்காலி,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
விலங்கைக் கழற்றினார்கள்.
அவர் மணிக்கட்டைத் தேய்த்தபடி நடந்தார்,
நாற்காலியைத் தாண்டி,
சுவரோரம் தரையில் நான்கு போல்ட் துளைகள்
இன்னும் சிமெண்ட் பூசாமல் கிடந்த இடத்துக்கு.
அந்தச் சதுரத்துக்குள் போய்
கதவு இருந்த பக்கமாகத் திரும்பி நின்றார்.
தலை குனிந்துதான் நுழைந்தார்,
அங்கே இல்லாத நிலைப்படி இடித்துவிடும் என்பதுபோல.

சகின்பெக் உட்காரச் சொன்னார்.
இரண்டு தடவை சொன்னார்.
தெமிர்குல் தன் கோப்பில் எதையோ தேடினார், வெகுநேரம்.

புகைப்படக்காரர் என் காதில் கேட்டார்,
அந்த ஆளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொல்ல முடியுமா என்று.