நிற்கத் தெரியாதது

பேரக்ஸ் ரோட்டில் மாதையன் கடையில்
என் தலைக்கு மட்டும் தனிச் சட்டம்:
கத்தி கிடையாது, மெஷின்தான்.
ஐந்து வயதில் விழுந்த ஒரு பல்லுக்கு
எழும்பூரில் ஆறு நாள் படுத்தவன் நான்.
கேரேஜ் ஒர்க்ஸில் வேலை கிடைத்தபோதும்
பட்டறைப் பக்கம் விடாமல்
ஸ்டோர்ஸில் பேப்பர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.
பேப்பரும் கீறும்.
என் ரத்தத்துக்கு ஓடத் தெரியும்,
நிற்கத் தெரியாது.

அதனால்தான் ரயில்வே ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஹெப்சிபா படத்தைத் திருப்பிக் காட்டி
மூணு இடத்தில் அடைப்பு என்றபோது
சிரித்துவிட்டேன்.
எனக்கா, அடைப்பா?
இது ரத்தம் கட்டினது இல்ல சார், கொழுப்பு.
முப்பது வருஷமாக
கேட்டுக்கு எதிரே நின்று தின்ற பஜ்ஜி.
நிற்கத் தெரிந்த ஒன்று
எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

முந்தின ராத்திரி
மார்பு மழிக்க வந்த ஆள்
ஃபைலைப் படித்தான்,
பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு போனான்,
மெஷினோடு திரும்பி வந்தான்.
நாளைக்கு நெஞ்செலும்பை ரம்பத்தால் அறுக்கப்போகிறார்கள்.
இன்றைக்கு என் தோலுக்கு
இவ்வளவு மரியாதை.

அஞ்சுகம் விடியும்முன்பே
ஐஸ்பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.
ஃபாக்டர் எட்டு. குப்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்,
தப்பாக எண்ணி மறுபடி எண்ணினாள்.
உறையட்டும் என்று அதை ஏற்றுவார்களாம்;
பம்பில் ஓடும்வரை
உறையாதே என்று இன்னொன்று;
முடிந்ததும் அதை முறிக்க மூன்றாவது.
கல்யாணமான புதிதில்
இரண்டு அம்மாக்களுக்கும் நடுவே
நான் நின்றது ஞாபகம் வந்தது.

பிறகு எதுவும் ஞாபகமில்லை.
அஞ்சுகம் சொன்னதுதான்:
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
கட்டிலோரம் தொங்கிய பெட்டியில்
மணிக்கொரு கோடு.
நூற்று எண்பது. நூற்று நாற்பது.
மூன்றாம் மணிக்கு முந்நூறு.
நர்ஸ் ஓடினாள். குப்பி. இன்னொரு குப்பி.
வெளியே ஒர்க்ஸ் சங்கு ஊதியது,
நான் இல்லாமலே ஷிப்ட் மாறியது.
தொண்ணூறு.
நாற்பது.
அதற்கப்புறம் அவள் கோட்டைப் பார்க்கவில்லை,
காப்பி வாங்கப் போய்விட்டாளாம்.

காலில் ஒன்று, மார்பில் ஒன்று.
இவ்வளவு நீளமாக எதுவும் என்மேல் ஆறியதில்லை.
சட்டை மாற்றும்போது பார்த்துக்கொள்கிறேன்,
கையெழுத்து சரியாக இருக்கிற
ரசீதைப் பார்ப்பதுபோல.

நேற்று மாதையன் துண்டை உதறிக் கேட்டான்:
இத்தனைக்கு அப்புறமுமா, மெஷின்?
மெஷின்தான்டா.
காதோரம் பார்த்து.