மார்கழிக் கணக்கு

கச்சேரி மேல்மாடிச் சுவரில்
முல்லைத்தீவு தொடக்கம் கொக்கிளாய் வரை
கடலை ஒரு நீலப் பட்டையாய் ஒட்டியிருக்கிறார்கள்.
பட்டைக்கு மேற்கே சிவப்புக் கோடு,
உத்தேச கரையோரப் பேருந்துப் பாதை.
கோட்டில் பதினொரு குண்டூசிகள்.
ஊசிக்கொரு தரிப்பிடம்:
சீமெந்து வாங்கு, தகரக் கூரை,
கடலுக்கு முதுகு காட்டி.

ஆட்களை எண்ணியது நான்.
நாட்கூலி, ஒரு சோற்றுப் பார்சல்,
கைப்பிடி கழன்ற குடை.
"மார்கழிக்குள்ள முடியவேணும் பிள்ளை,
வருசம் முடிஞ்சா காசு திரும்பிப் போயிடும்"
என்றார் பொறியியலாளர் கோணேசமூர்த்தி.

வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது.
அளம்பிலில் படகுகள் குப்புறக் கிடந்தன.
நாயாற்று வாடிகளில் பூட்டு.
பாலத்துக்கு மேலே ஏறலாமா
என்று தண்ணீர் யோசித்தபடி நின்றது.
ஈரத்தில் பேனை எழுதவில்லை,
பென்சிலால் கீறினேன்.
நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது.
செம்மலையில், காலை நாலு தொடக்கம் ஏழு வரை
ஏறியோர் ஒன்பது பேர்.
இரண்டு ரீச்சர்மார், ஒரு தபால்காரர்,
கிளினிக் கொப்பியோடு ஒரு பிள்ளைத்தாச்சி,
அவளுக்குத் துணையாய் மாமி.
மற்ற நாலு பேரின் முகம் மழைக்குள் போய்விட்டது.

ஒன்பதைக் கணினி விழுங்கி
இரண்டு சொல்லைத் துப்பியது:
தேவை குறைவு.

கூட்டத்தில் பால் தேத்தண்ணி, மாரி பிஸ்கற்.
கடற்றொழிலாளர் சங்கத் தலைவருக்குக் காய்ச்சல்,
பதிலுக்கு மீன் விற்கும் மரிசலீன் அக்கா
பின்வரிசையில், சங்கக் கோப்பை மடியில் வைத்து.
"ஐயா, இது எந்த மாசம் எண்ணினது?"
எனக்குக் காது சுட்டது.
"மார்கழியில எங்கட கரையில நாய்தான் நிக்கும்.
சோளகம் துவங்கின பிறகு வந்து எண்ணுங்கோ.
நாலரைக்கு ஒரு பஸ் விட்டியளெண்டா
ஒட்டுசுட்டானுக்குப் போகேக்க
என்ர சூடைக்குக் கண் சிவக்காது."

கோணேசமூர்த்தி சிரித்தார். கெட்ட மனுசனில்லை.
"காத்துக்கொரு நேர அட்டவணை போடேலாது அக்கா."
"ஏன் ஏலாது?
நாங்கள் போட்டுத்தானே சீவிக்கிறம்?"

குறிப்பெடுத்தவர் எழுதினார்:
இரண்டாம் கட்டத்தில் ஆராயப்படும்.

வைகாசியில் போனேன்.
ஒருத்தரும் அனுப்பவில்லை, சம்பளமும் இல்லை,
தம்பியின் சைக்கிள், என் பழைய கணக்குக் கொப்பி.
மூன்றே முக்காலுக்கே கரை முழித்திருந்தது.
படகு எஞ்சின்கள், ரோச் லைற்றுகள்,
நிறையில் ஏமாற்றியதாய் ஒரு சண்டை,
ஐஸ் உடைக்கும் சத்தம்.
செம்மலைத் தரிப்பிடத்துக்கு நாலு தூண் எழும்பியிருந்தது,
கூரை இன்னும் வரவில்லை.
யாரோ தூணுக்குத் தூண் வலை காயப்போட்டிருந்தார்கள்.

முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்தது.
அதற்குள் ஐஸ் பாதி கரைந்து
றோட்டோரம் வாய்க்காலாய் ஓடியது.
"பெட்டி மேல! தண்ணி ஒழுகினா
பெட்டியோட ஆளையும் இறக்குவன்!"
கொண்டக்டர் அதட்டினான், பிறகு
தானே ஏறி மூன்று பெட்டியை இழுத்துக் கட்டினான்.

ஏறியோர் முப்பத்தெட்டு.
பெட்டி இருபத்தாறு. ஆடு ஒன்று.
ஏற இடமில்லாமல் நின்றோர் பத்தொன்பது.
கச்சேரிப் படிவத்தில் நின்றவர்களுக்குக் கட்டம் இல்லை,
அதனால்தான் கொப்பி கொண்டுபோனேன்.

பஸ் அரக்கத் தொடங்கியபோது
மரிசலீன் அக்கா கம்பியைப் பிடித்தாள்,
ஒரு கால் மிதிபலகையில்,
மற்றக் கால் இன்னும் செம்மலையில்.
"பிள்ளை, என்னையும் எண்ணினியே?"
"ஓமக்கா."
"ஏறினதிலயோ, நிண்டதிலயோ?"

பென்சிலைக் கொப்பியில் வைத்தபடி
பார்த்துக்கொண்டு நின்றேன்.
பஸ் அளம்பில் வளைவில் திரும்பும் வரை
அந்தக் கால் உள்ளே போகவில்லை.