தோல் நிறம்

டொலீடோவில் விடியுமுன்
ஐம்பத்துமூன்று ஜோடிக் கணுக்கால்கள்
என் மேசைக்கு வரும்.
பெயரைப் பார்ப்பதில்லை, வீக்கத்தைப் பார்ப்பேன்.

டேப் பெட்டியில் அச்சடித்திருக்கிறது:
"தோல் நிறம்."
யாருடைய தோல் என்று
பன்னிரண்டு வருடமாக நான் கேட்டதில்லை.

இன்று ஜமாரியஸ் கேட்டான்,
கட்டிய காலை விளக்குக்குக் காட்டி:
"இது டிரெவரின் கால் ஆச்சே?"

பந்தை உதைக்க மட்டும் களமிறங்கும் டிரெவருக்குக்
காது சிவந்தது.
அடுத்து நின்ற சமோவாக்காரன் ஃபாலெமாகா
பெஞ்சு அதிரச் சிரித்தான்.
நானும் சிரித்தேன். என் கையும்
அந்தப் பெட்டியின் நிறம்தான்.

மாலை, ஆர்டர் தாளில் பேனா நின்றது.
பழுப்பு டேப் வேண்டுமென்றால்
சுருளுக்கு ஒரு டாலர் கூடுதல்.
முப்பத்தேழு பேர், எழுபத்துநாலு கால்.
பெருக்கி எழுதி மேல்மாடிக்கு அனுப்பினேன்.

அங்கே யாருக்கும் கால் சுளுக்குவதில்லை.
நாளைக்கு இதே பெட்டிதான்.